பலகை உடையவில்லை

எனக்கு அக்காவின் கணவர் மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. அவர் தட்டில் விழும் மீன் துண்டைக் கண்ணாலேயே அளக்கும் ரகம். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். அவர் சிவில் டிப்ளமோ. ஆனாலும் மரக்காணத்து வீட்டில் மின்விசிறி நின்றால் அம்மா அவருக்குத்தான் போன் போடுவார். (அதே மின்விசிறிக்குக் கீழேதான் நான் உட்கார்ந்திருப்பேன்.)

2005 கோடையில், அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த பலகை உளுத்துப்போனது. உப்புக் கூடை சுமக்கும் பெண்கள் அதன்மேல்தான் கடக்க வேண்டும்.

மாமா வந்து பார்த்தார். "ரெண்டு பலகையா போட்டுடலாம். ரெண்டு கரையிலயும் சவுக்குக் கழி அடிச்சு, அதுமேல உக்கார வைக்கணும்."

நான் நோட்டை நீட்டினேன். மரத்தின் வலிமை, நீளம், ஆளின் எடை, கூடையின் எடை என்று மூன்று பக்கக் கணக்கு. "ஒரு பலகையே தாங்கும் மாமா. கழியெல்லாம் தண்டம். ஃபார்முலா பொய் சொல்லாது."

"ஃபார்முலா சரிதான் மச்சான். நமக்குத் தெரியாதது எவ்ளோ இருக்குது? அதுக்கும் சேத்துக் கட்டுறதுதான் எங்க வேலை."

"அதுக்குப் பேரு பயம்," என்றேன்.

அப்பாவுக்கு என் நோட்டின் மேல் மரியாதை. ஒற்றைப் பலகை போட்டோம்.

உப்பு சுமக்கும் அஞ்சலையக்கா கூடையோடு பலகையில் கால் வைக்கப் போனார். "இருங்க, மொதல்ல நான் போறேன்" என்று கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். (வீரமில்லை. மாமா பார்க்க வேண்டுமே!)

நடுவில் நின்று, மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எதிர்க்கரையின் ஈரமண் சரிந்தது. பலகை, நான், கூடை என்ற வரிசையில் வாய்க்காலில் இறங்கினோம். அன்று காலையில்தான் சவரம் செய்திருந்தேன். உப்புத் தண்ணீர் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் உப்பளத்துக் கொக்குகள் வானூர் பக்கம் பறந்துவிட்டன.

மாமாதான் குதித்துத் தூக்கினார். வாயில் சேற்றோடு நான் முதலில் சொன்னது: "பலகை உடையல!"

உண்மைதான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்கில் கரையும் இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள், அஞ்சலையக்காவைத் தவிர. "ஏம்பா, நான் போயிருந்தா?" என்றார். மறுநாள் மாமா சவுக்குக் கழி அடிக்க, நான் கழியைப் பிடித்தேன்.

போன வாரம் என் மகள் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, "ஸ்டெப்பெல்லாம் கரெக்ட்பா, ஆன்சர்தான் தப்பு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "பலகை உடையலன்னு சொல்றா, உங்க பொண்ணு!"