டோர் பேட் திருப்பணி

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். கார்க் கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடும், அதை இரும்போடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப்பும் வந்த பிறகுதான் மனிதன் மனிதனானான். அந்தக் கிளிப்பை உலகுக்கு அருளும், ஜப்பானின் தொயோஹாஷி நகரத் தொழிற்சாலையில், பொது நிர்வாகப் பிரிவில் நான் இருக்கிறேன். கார் ஓட்டுவதும் என் 'நிர்வாகத்தில்' அடக்கம்.

எங்கள் கிளிப்பை வாங்குவது ஒரே ஒரு கார் கம்பெனி. அதன் கொள்முதல் தலைவர் நிஷிவாக்கி மறுநாள் வருவதாக இருந்தது. அவர் கைவிட்டால் எங்கள் தொழிற்சாலைக்குப் பூட்டுதான். அந்த நேரம் பார்த்து, அவரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டிய காரில், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கதவு, அதாவது விருந்தாளிக்கு உரிய கதவு, கடகடவென்று சத்தம் போட்டது.

"ஒர்க்‌ஷாப்ல விட்டுரலாமா சார்?" என்றேன்.

"கிளிப் கம்பெனிக்காரன் கார்க் கதவே ஆடுதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லவா? மானம் போயிடும்யா!" என்றார் நிர்வாகி கஜிவாரா.

உடனே 'கதவு அமைதிக் குழு' அமைக்கப்பட்டது. காலையில் கூடிய குழு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டோர் பேடை நாமே கழற்றலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கோடிக்கணக்கில் கிளிப் செய்யும் எங்களில் ஒருவர்கூட அதுவரை ஒரு கிளிப்பைக் கழற்றிப் பார்த்ததில்லை. தொழிலில் அத்தனை நம்பிக்கை!

ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, விளிம்பில் நெம்பினோம். பட் பட்டென்று பேட் கையோடு வந்தது. உள்ளே எங்கள் கிளிப் ஒன்று ஒடிந்து கிடந்தது. சத்தம் போட்ட குற்றவாளி அதுதான். எல்லோரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தோம். பிறகு புதுக் கிளிப் போட்டு மூடினோம்.

வேலை முடிந்ததும் எங்கள் வழக்கப்படி ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, சேர்ந்து முழங்கினோம். "ஸ்க்ரூ, சரி!" "கிளிப், சரி!" "கதவு, சரி!" இறுக்கியதைவிட முழங்கியதில்தான் பலம் அதிகம்.

தரச் சோதனைப் பிரிவு ஹிராயாமா அம்மையார் மெல்லக் கேட்டார். "சார், உள்ளேருந்து கதவைத் திறக்கற கைப்பிடிக்குப் போற கேபிளை மாட்டினோமா?"

"கதவு சரின்னு கத்தியாச்சேம்மா," என்றார் கஜிவாரா.

"கத்தினோம் சார். மாட்டினோமான்னு கேக்கறேன்."

"இப்பப் பிரிச்சா, அப்பக் கத்தினது பொய்னு ஆயிடாதா? இத்தனை பேரும் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

இவ்வளவு உயர்ந்த நியாயத்தைக் கேட்டபின் அம்மையார் கருவிப் பெட்டியை மூடிவிட்டார்.

மறுநாள் வழியெல்லாம் கதவு மூச்சுவிடவில்லை. பின்னால் தனியாக அமர்ந்திருந்த நிஷிவாக்கி, "அட, சத்தமே இல்லையே!" என்று வியந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் தொழிற்சாலையே வரிசையாக நின்றது. நான் இறங்கி அவர் கதவைத் திறப்பதற்குள் "நல்வரவு!" என்று குரல் எழும்ப, எல்லோரும் இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். ஊரே குனியும்போது ஒருவன் நிமிர்ந்து நிற்கலாமா? நானும் குனிந்தேன். விருந்தாளி இறங்கும்வரை யாரும் தலையைத் தூக்கக் கூடாது.

உள்ளே கைப்பிடி டக் டக்கென்றது.

"சார், இழுக்கறாரு போலிருக்கு," என்றேன்.

"தலையத் தூக்காதய்யா! அவரு இறங்கட்டும்," என்றார் கஜிவாரா.

படபடவென்று ஒரு சத்தம். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து செருமல். என் கால்களுக்கு நடுவே பார்த்தேன். மறுபக்கக் கதவு வழியாக இறங்கிச் சுற்றி வந்த நிஷிவாக்கி, கையோடு வந்துவிட்ட டோர் பேடைக் குழந்தையைப் போல ஏந்தியபடி நின்றார்.

"உங்க கிளிப் கழண்டு கழண்டு வருதுன்னு எங்க ஆளுங்க வருஷம் பூராப் புலம்பினாங்க. நீங்க 'எங்க பக்கம் எல்லாம் சரி'ன்னே சொன்னீங்க. தப்பு எங்க மேலதானோன்னு மன்னிப்புக் கேக்க வந்தேங்க," என்றார்.

ஒருவரும் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்பதில் எங்களை மிஞ்ச ஆள் உண்டா? இன்னும் ஆழமாகக் குனிந்தோம், காலியான காரைப் பார்த்து.