வெந்நீர்க்கடை அபூ ஃபவாஸ் எழுத்தாளர் தேடிய படலம்

வாழ்க அபூ ஃபவாஸ். அரபுநாட்டு இர்பித் மாநகரின் வடபுறத்து மொட்டைமாடிகள்தோறும் கண்ணாடிக் குழாய்களைக் கிடத்திக் கதிரவனையே கூலிக்கு அமர்த்திய கோமகன், வெந்நீர் வழங்கும் வேந்தன், அகன்ற மார்பினன், அதனினும் அகன்ற வயிற்றினன், தொலைபேசியில் பேசினால் தொலைபேசியே தேவைப்படாத இடிக்குரலோன், அவன் கொற்றம் ஓங்குக. சொல்லுக்கு அதிபதியான பேரருளே, என் நாவில் வந்து அமர்ந்தருள்க. நான் பாடப் புகுவது வாளும் வேலும் மோதிய போரை அன்று. கடையின் இணையப் பக்கத்துக்கு நம்பகமான ஓர் எழுத்தாளரை வேலைக்கு எடுக்க இம்மாவீரன் பட்ட பாட்டை.

போருக்கு வித்திட்டவன் எதிர்ச்சாரியில் நீலப் பலகை மாட்டிய பகைவன். அவனும் சூரிய வெப்பக் கலன்தான் விற்றான். குழாயும் அதே குழாய், தொட்டியும் அதே தொட்டி. ஆயினும் அவன் ஒரு நாள் இணையத்தில் பக்கம் திறந்தான். மக்கள் அதைப் படித்தார்கள், படித்தவர்கள் சாலையின் அந்தப் பக்கமே இறங்கினார்கள். கண் சிவந்தான் அபூ ஃபவாஸ். "எனக்கும் ஒரு எழுத்தாளர் வேணும்" என்று கல்லாவில் கை அறைந்து சூளுரைத்தான். கல்லாவின் மேலிருந்த ஏலக்காய்ச் சிமிழ் கீழே விழுந்தது.

முதற்களம் அவன் வீட்டு அடுக்களை. ஸாத்தர் மூலிகைப் பொடியும் ஒலிவ எண்ணெயும் பரப்பிய காலை உணவின்போது, உம்மு ஃபவாஸ் என்னும் மனையரசி ரொட்டியைப் பிய்த்தபடியே, "என் தம்பி சும்மாத்தானே இருக்கான். காலேஜ்ல கவிதைக்குப் பரிசு வாங்கினவன். அவனைவிட்டா வேற யாரு உங்களுக்கு எழுதுவா?" என்றாள். எண்ணெய் இறங்கிய தொண்டையால் எந்த வீரன் மறுப்பான்? தம்பி அமர்த்தப்பட்டான். மூன்று வாரம் அவன் சொல் கடைந்தான். கடைந்து எடுத்த அமுதம் 'கதிரவன் காதலித்த கன்னியே, செம்புச்சுருளின் செல்வியே' என்று தொடங்கி நானூறு சொல் ஓடிற்று. தொட்டி எத்தனை லிட்டர் என்பது அதில் இல்லை. விலையும் இல்லை. வாசித்த ஒரு வாடிக்கையாளர் கடைக்கே போன் செய்து, கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார். அந்தத் தம்பியின் பெயரை இக்காவியம் உரைக்காது.

இரண்டாமவன் மின்னல் விரைவினன். மாலையில் அமர்த்தினார்கள், மறுநாள் காலையில் பக்கம் முழுவதும் நிறைந்து நின்றது. ஆகா என்று அகமகிழ்ந்த அபூ ஃபவாஸ் அவனுக்குக் குனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தான். பன்னிரண்டு நாள் கடைத் தொலைபேசி ஊமையாயிருந்தது. பதின்மூன்றாம் நாளில்தான் தெரிந்தது, அந்த மாவீரன் நீலப் பலகைக்காரனின் பக்கத்தை அப்படியே அள்ளி வந்திருக்கிறான். கடைப் பெயரை மாற்றியவன் தொலைபேசி எண்ணை மாற்றவில்லை.

மூன்றாமவன் 'நாளை' என்னும் கேடயம் ஏந்தியவன். கேட்கும் போதெல்லாம், "நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்" என்பான். நாளை வந்தால் அவனுடைய சிற்றப்பா ஒருவர் இறந்திருப்பார். இவ்வாறு ஒரே மாதத்தில் மூன்று சிற்றப்பாக்கள் மாண்டார்கள். மூன்றாமவர் தமது அடக்கத்துக்கு மறுநாள் கடைக்கு நேரில் வந்து, இருநூறு லிட்டர் தொட்டி என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான்காவதாக வந்தவள் சௌசன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அபூ ஸுஹைபின் மகள், இருபத்து நான்கு வயது, தோளில் ஒரு துணிப்பை. அவள் வந்ததும் கேட்ட முதற்கேள்வியை முந்தைய மூவரும் கேட்டதே இல்லை.

"மாடிக்குப் போய்ப் பாக்கலாமா மாமா?"

மாடி ஏறினாள். குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். கலன் பொருத்தும் ஆளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் குடைந்தாள். இரண்டு ஆண்டுப் புகார்களைப் படித்தாள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ஆறே ஆறு வரி எழுதி அனுப்பினாள். ஐந்து வரி வரை புன்னகை பூத்த வேந்தன் ஆறாம் வரியில் அம்பு தைத்த யானைபோல் பிளிறினான்.

"ஏம்மா, மேகம் போட்டா தண்ணி சுடாதுன்னு நாமளே எழுதி வெக்கிறதா? தக்காளிக்காரன் எவனாவது, ஐயா இது அழுகலு, வாங்கிக்கங்கன்னு கூவுவானா?"

"அழுகலுன்னு நான் சொல்லலையே மாமா. கரண்ட்ல சுட வெக்க எல்லாத் தொட்டியிலயும் வசதி இருக்கு. அது இருக்கிறதே ஜனங்களுக்குத் தெரியல. உங்க புகார்ல பாதி அதான்."

"அந்த வரியை எடுத்துடு."

"எடுத்தா என்னையும் சேத்து எடுத்துடுங்க."

இரண்டையும் எடுத்தான் அவ்வீரன். ஆறாம் வரி இருந்த அரியணையில், பழைய தம்பியைக் கூப்பிட்டு, 'கார்முகில் சூழினும் கொதிப்பு மாறாக் கலன்' என்னும் வரியை முடிசூட்டினான். சௌசன் துணிப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பின்பு தை பிறந்தாற்போல் சனவரி பிறந்தது. கோலான் குன்றுகளைக் கடந்து கருமுகிற்படை இர்பித்தின் மீது கவிந்தது. ஒரு நாள், இரு நாள், ஐந்து நாள் கதிரவன் முகமே காட்டவில்லை. ஊரெங்கும் குளியலறைகளிலிருந்து எழுந்த அலறல், கடையின் இணையப் பக்கத்தில் வந்து எழுத்தாய் விழுந்தது. 'கொதிப்பு மாறவில்லை, ஏனெனில் கொதிக்கவே இல்லை' என்றார் ஒருவர். 'பொய்யன்' என்று சுருக்கமாக முடித்தார் மற்றொருவர். ஐந்தே நாளில் இருபத்து மூன்று பேர் கேட்டிருந்த கலனை வேண்டாம் என்றார்கள். ஆண்டு முழுவதும் கடை உண்பது இந்த இரண்டு மாத விற்பனையைத்தான். இது போனால் கடைக்குப் பூட்டு. அபூ ஃபவாஸ் சௌசனுக்குப் பதினேழு முறை போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. நீலப் பலகைக்காரன் அவளைச் சனிக்கிழமை வந்து பேசச் சொல்லியிருக்கிறான் என்ற செய்தி வியாழன் மாலை வந்து சேர்ந்தது. அன்றிரவு அவன் உணவைத் தொடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் குலத்தின் பேராயுதத்தை உறையிலிருந்து உருவினான். பெண் கேட்கவும், கொலைப்பகை தீர்க்கவும் பெரியவர்கள் திரண்டு போவார்களே, அந்த ஜாஹாவைக் கூட்டினான். தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் ஹாஜி தியாப், வெண்தாடியர், இரு கொலைகளையும் எண்ணிறந்த மணமுறிவுகளையும் தீர்த்துவைத்த மூதறிஞர்.

"செத்தது யாருப்பா?" என்றார் அவர்.

"யாரும் சாகல ஹாஜியார். எழுத்தாளர் வேணும்."

ஹாஜியார் தாடியை ஒருமுறை நீவினார். பிறகு, "போட்டுக்க என் கோட்டை எடுத்துட்டு வா" என்று மகனை ஏவினார்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பதினோர் ஆடவர் ஐந்து மகிழுந்துகளில் ஏறி, கொடி இல்லாத குறை ஒன்றே குறையாக, ஓயாமல் ஒலிப்பான் அடித்தபடி அபூ ஸுஹைபின் தெருவுக்குள் புகுந்தார்கள். கோட்டும் தலைத்துணியுமாக இத்தனை பேர் இறங்கியதைக் கண்ட எதிர்வீட்டு மாதர், சௌசனுக்கு நிச்சயம் என்று முடிவுகட்டி மாடியிலிருந்து குலவையிட்டார்கள். கடைசி மகிழுந்தின் பின்னிருக்கையில் பக்லாவா இனிப்புத் தட்டை மடியில் ஏந்தியபடி நானும் இருந்தேன். அந்தத் தம்பி நான்தான். இனி மறைத்து என்ன பயன்?

அபூ ஸுஹைப் மெலிந்த மனிதர். பதினொருவரையும் அமர்த்தி, சின்னஞ்சிறு கோப்பைகளில் கசப்புக் காப்பியான கஹ்வாவை ஊற்றினார். ஹாஜி தியாப் தம் கோப்பையை வாங்கி, உதட்டருகேகூடக் கொண்டு போகாமல், மேசைமேல் வைத்தார். பதினொரு கோப்பைகளும் அவ்வாறே இறங்கின. கேட்டது கிடைக்கும்வரை விருந்தினர் குடிக்கமாட்டார்கள். குடிக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கு அது தலைகுனிவு.

எழுந்து முழங்கினார் ஹாஜியார்: "நற்குடிப் பிறந்தோரே, கதவு திறந்து வைத்தவரே, இரந்தோர்க்கு இல்லை என்னாத இல்லத்தவரே, இந்த அபூ ஃபவாஸ் பிழை செய்தான். பிழையுணர்ந்து எம்மை முன்னிறுத்தி வந்துள்ளான். உம் மகளின் எழுதுகோலை எம் கடைக்குத் தந்தருள்க."

"ஹாஜியார், உங்க காலடி பட்டது எங்களுக்குப் பெருமை" என்றார் அபூ ஸுஹைப். "ஆனா வேலை அவளோடது. அவதான் சொல்லணும்."

அவர் கைப்பேசி சிணுங்கியது. உள்ளறையிலிருந்து மகள் செய்தி அனுப்பியிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாசித்தார்: "அந்தக் கார்முகில் வரியை எழுதினவரே இப்ப அழிக்கணும். ஆறாவது வரியை மாமா தன் வாயால எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும். படிச்சா நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கடையில இருப்பேன்."

இருபது கண்கள் என்மேல் பாய்ந்தன. கைப்பேசியை எடுத்தேன். கொதிப்பு மாறாக் கலன் ஒவ்வோர் எழுத்தாக மறைந்தது. அழுதுவிடுவேன் என்று பயந்து பக்லாவாவைப் பார்த்துக்கொண்டேன். அது நல்ல வரி.

"முடிஞ்சுது மாமா" என்றேன். அபூ ஃபவாஸிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அடுத்து வேந்தன் முறை. கோப்பைகளில் ஆவி மெலிந்துகொண்டிருந்தது. ஒரு புறம் நாற்பதாண்டு வணிகத்தில் தன் பொருளின் குறையைத் தன் வாயால் சொல்லியறியா மானம், மறுபுறம் எதிர்ச்சாரியில் நீலமாய் ஒளிரும் சனிக்கிழமை, இரண்டுக்கும் நடுவே நெற்றியில் வியர்வை வழிய அமர்ந்திருந்தான் இடிக்குரலோன்.

"எப்பா, சீக்கிரம் படி" என்றார் ஹாஜியார் மெல்ல. "கஹ்வா ஆறுது."

எழுந்தான் அபூ ஃபவாஸ். தலைத்துணியைச் சரிசெய்து, மூச்சை மார்பு நிறைய இழுத்து, கூடியிருந்த பெரியோர் செவிசாய்க்க, எதிர்வீட்டு மாதர் சாளரத்தில் குழும, உள்ளறைக் கதவு ஒரு விரற்கடை திறக்க, கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, இர்பித் நகரம் இதுகாறும் கேட்டிராத மிகத் தணிந்த குரலில் படித்தான்:

"மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் தண்ணீர் சூடாகாது, குளியலறைக்கு வெளியே உள்ள சிவப்பு சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்கவும்."