கை ஒன்றரை அங்குலம் குட்டை

எக்செல் சோதிடர்கள் என்றோர் இனம் உண்டு. எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் பனி உருகித் தரை சேறாகும் ஏப்ரல் கடைசியில், அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களை முறைபோட்டுப் பொறுக்கி எடுக்கும் அந்த மூன்று நாளில், இவர்கள் வளையை விட்டு வெளியே வருவார்கள். வாழ்நாளில் ஒரு பந்தைப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பையன் நாற்பது கஜத்தை எத்தனை நொடியில் ஓடுவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மனைவியின் பிறந்தநாளா? அதைக் கேட்காதீர்கள்.

குழாய்ச் சாமான் கடையில் வேலை பார்க்கும் லாயிட் பாவ்லக் இந்த இனத்தில் அசல். பையனின் உயரம், எடை, கை நீளம், எம்பிக் குதிக்கும் உயரம் எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டு அரைத்து, எங்கள் அணி எடுத்த ஒவ்வொருவனுக்கும் மார்க் போட்டு, மதுக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவார். யாராவது மறுத்தால் ஒரே பதில்தான்: "நான் சொல்லலப்பா, நம்பர் சொல்லுது."

இந்த வருடம் கடைசிச் சுற்றில் அணி எடுத்தது எங்கள் ஊர்ப் பையனையே. டேரில், தடுப்பு வரிசையில் நிற்கிற மலை. ஊர் சர்ச் மணியை அடித்தது. தீயணைப்பு வண்டி சைரன் போட்டபடி தெருத்தெருவாகச் சுற்றியது. லாயிட் தன் வீட்டுக்குப் போய் அவனுக்கு எஃப் போட்டார், அதாவது ஃபெயில்.

வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு. பரிமாறுகிறவள் பெர்னடெட், டேரிலின் அம்மா. லாயிடோடு ஒரே வகுப்பில் படித்தவள். கரண்டி நடுவழியில் நின்றது.

"எம் பையனுக்கு எஃப் போட்டியாமே?"

"கை ஒன்றரை இஞ்ச் குட்டை, பெர்னி. அந்தக் கைய வச்சுக்கிட்டு அந்த எடத்துல நெலச்சு நின்னவங்க நூத்துல நாலு பேர்தான்."

"போன ஜனவரில உன் வண்டி பனிப் பள்ளத்துல கெடந்துச்சே, அதத் தூக்கிவிட்ட கைதானே? அப்ப அளந்தியா?"

வரிசையே சிரித்தது. பின்னாலிருந்து பாதிரியார், "மீன் ஆறுதுப்பா. அளந்து முடிச்சா நகரு" என்றார்.

ஆகஸ்டில் அணி டேரிலைக் கழற்றிவிட்டது. பதினேழு வருடத்தில் லாயிடின் கணிப்பு இத்தனை கச்சிதமாகப் பலித்ததே இல்லை. கொண்டாட வேண்டிய மனிதர் மதுக்கடைக்குள் போய், சுவரிலிருந்த தாளைத் தானே கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

இரண்டு வாரம் கழித்து லாயிட், பெர்னடெட் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கட்டுத் தாள்.

"எங்க அவன்?"

"சோபாவுல கெடக்கான். ஏன், அதுக்கும் மார்க் போடணுமா?"

"கனடாவுல ஆட்டம் வேற மாதிரி. அங்க குட்டைக் கைக்காரங்க நிறைய பேர் ஆடிருக்காங்க. எல்லாரையும் தேடி எடுத்துட்டேன்."

டேரில் எழுந்து உட்கார்ந்து தாளைப் புரட்டினான். "இதுல எத்தன பேர் தேறுனாங்க?"

"பதினோரு பேர்."

"எத்தன பேர்ல?"

"அத மட்டும் கேக்காத."

டேரில் கனடாவுக்குப் போனான். பாதி ஆட்டம் பெஞ்சில்தான். மீதிப் பாதி ஆடுகிறான். எங்கள் மதுக்கடையில் யாருக்கும் புரியாத கனடா ஆட்டம் இப்போது ஓடுகிறது.

உங்களுக்கு இந்த வியாதி கிடையாது என்கிறீர்கள். சந்தோஷம். அப்படியானால், பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூவில் ஐந்நூற்று எழுபது என்று இனிப்பை நீட்டியபோது, "கணக்குல எவ்வளவு?" என்று கேட்டது யார்?