படத்தைப் பாதியில் நிறுத்திய புதன்கிழமை

ஜார்ஜ்டவுன்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மதலேன் அக்காவுக்குத் தம்பி சந்தியாகு எழுதிக்கொள்வது. எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி 'இயேசுவுக்கே புகழ்' என்று தொடங்குவதா, உன் புதிய சபை வழக்கப்படி 'ஸ்தோத்திரம்' என்பதா என்று கால் மணி நேரம் யோசித்துவிட்டு, நலம், நலமறிய ஆவல் என்று பொதுவாகத் தொடங்குகிறேன். ஆறு வருடமாகப் பேசாதவன் திடீரென்று எழுதினால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயப்படுவாய். யாரும் போகவில்லை. என் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

நானாக எழுதவில்லை, எழுத வைத்துவிட்டார்கள். புதன்கிழமைதோறும் என் வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கும். பைபிள் வாசித்து, ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். இப்போது ஷெரில் என்ற பெண் பொறுப்பேற்றிருக்கிறாள். பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் இன்ஜினியர். இனிமேல் குறும்படம் பார்த்துத்தான் விசுவாசத்தைப் பேச வேண்டும் என்று கையடக்கமான புரொஜெக்டரோடு வந்துவிட்டாள். வெள்ளைச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது, அதில் அம்மா மாட்டிய திரு இருதய ஆண்டவர் படம். அதைக் கழற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லை, அதனால் கதாநாயகன் முகம் முழுக்க ஆண்டவர் மேலேயே விழுந்தது, வில்லன் வந்தபோதும் எங்கள் கூட்டத்து ரீத்தம்மா அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கொறிக்கப் பை நிறையக் கச்சாங் பூத்தே கடலை வேறு கொண்டுவந்திருந்தார். அல்போன்ஸ் அண்ணே இடைவேளை எப்போது என்று இரண்டு முறை கேட்டார்.

கதை அண்ணன் தம்பி சண்டை. தம்பி பல வருடம் கழித்து அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறான், தட்டக் கையை ஓங்குகிறான், அந்த இடத்தில் ஷெரில் படத்தை நிறுத்திவிட்டாள். "வைஃபை போச்சா லா?" என்றார் அல்போன்ஸ் அண்ணே. போகவில்லை, அதுதான் முறையாம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லாரும் சொன்னால்தான் மீதிப் படமாம். முடிவு தெரிய வேண்டுமே என்ற அவசரத்தில் எல்லாரும் கதவைத் தட்டினார்கள். மாமரக் கிளைக்காகப் பக்கத்து வீட்டாரோடு பேச்சை நிறுத்திய அல்போன்ஸ் அண்ணே கட்டிப்பிடிப்பேன் என்றே சொன்னார். வீட்டுக்காரன் ஆயிற்றே, நானும் உடனே தட்டுவேன் என்றேன். ரீத்தம்மா அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்க அக்கா வூட்டுக் கதவ எப்ப தட்டுனீங்க?"

நான் தேநீர் ஊற்ற எழுந்தேன். ஷெரில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, இந்த வாரம் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுதச் சொன்னாள், அடுத்த புதன் செய்தாயிற்றா என்று எல்லார் முன்னாலும் கேட்பாளாம். நான் 'அக்காவுக்குக் கடிதம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. நம் கோயில் மண்டபத்தில் தவக்காலத்துக்குத் தவக்காலம் சாமியார் காட்டிய இயேசு படம் உனக்கு நினைவிருக்கும். பாயில் உட்காருவோம், மெஷின் கடகடவென்று சுற்றும். ஆணி அடிக்கும் இடம் வந்ததும் நான் அலறுவேன், நீ என் கண்ணைப் பொத்தி வெளியே தூக்கி வந்து ஐஸ் உருண்டை வாங்கித் தருவாய், அது கரைந்து முடிவதற்குள் உள்ளே படமும் முடிந்துவிடும். பத்து வயது வரை அந்தக் கதை சிலுவையோடு முடிகிறது என்றே நினைத்திருந்தேன். என்னால் படத்தில் உயிர்ப்பு ஞாயிறை நீயும் ஒரு வருடம்கூடப் பார்க்கவில்லை. அதை நீ ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

அதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஒருமுறை வாங்கிய ஞானஸ்நானத்தை நீ தண்ணீரில் முங்கி மறுபடி வாங்கியது தப்பு. உன் சபையில் நடந்த உன் மகன் கல்யாணத்துக்கு நான் வராததில் நியாயம் இருக்கிறது. நீ இருக்கும் ஜொகூர் வரை பயணம் செய்ய என் முட்டியும் இடம் கொடுக்காது. சீட்டுக்காக எழுதினேன், பதில் போட வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர். எந்தச் சபையில் வேண்டிக்கொண்டாலும் ஆண்டவர் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி சந்தியாகு

பி.கு.: இன்று வியாழன், கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்றுக் கூட்டத்தில் ஷெரில், போன வாரச் சீட்டுகள் தொலைந்துவிட்டன, மனதில் நினைத்திருந்தாலே போதும் என்று சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் நிம்மதி. இனி என்னை யாரும் கேட்கப்போவதில்லை. மேலே நியாயம் என்று எழுதிய பத்தியை அடித்துவிடு. நாளை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேர்வேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் வந்திருக்க வேண்டும் அக்கா.