சரிபாதி

அடுப்பு பற்றவில்லை.

நடிகை குமிழைத் திருகினாள், லைட்டரை அழுத்தினாள், மறுபடி திருகினாள். கேமரா முகத்தருகே வந்து நின்றது. வீட்டு வேலையில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று மேடைக்கு மேடை முழங்குகிறவள், அதைத் தன் வீட்டிலேயே செய்து காட்டும் நேரலை இது.

உண்மையில் அவள் சமையலறைக்குள் வருவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். இரண்டு பாதியும் கணவன் தலையில். அவன் பக்கத்தில் நின்றால் கை சும்மா இருக்காது, குட்டு உடைந்துவிடும். அதனால் ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவனை ஸ்டோர் ரூமில் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"வீட்டுல டீ யாரு மேடம் போடுவாங்க?" என்றாள் தொகுப்பாளினி.

"காலையில நான்தான்."

டிவியில் முகம் தெரியும் என்று பவுடர் பூசி வந்து உட்கார்ந்திருந்த நடிகையின் அம்மா, மகளை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஸ்டோர் ரூம் கதவிடுக்கில் கிசுகிசுப்பு கேட்டது. "கீழ கேஸ் வால்வைத் திற."

குனிந்தாள். கண்ணில் பட்ட முதல் குமிழைப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினாள். அது தண்ணீர்க் குழாயின் குமிழ். கையோடு வந்துவிட்டது. சீறிய தண்ணீர் கேமராமேனின் சட்டையை நனைத்தது.

"மேடம், பைப்பு கழண்டுடுச்சு."

"தெரியும். அப்பப்போ கழட்டிக் கழுவுவோம்."

நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து ஓட்டையில் அடைத்தாள்.

"அது என்னோட சால்வை மேடம்," என்றாள் தொகுப்பாளினி, மெல்ல.

அதற்குமேல் கணவனால் பொறுக்க முடியவில்லை. ஏப்ரனோடு வெளியே வந்தான். தண்ணீரை அடைத்தான், தரையைத் துடைத்தான், அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினான். சால்வையையும் பிழிந்து உலர்த்தினான்.

"சார் ஆபீஸ் போயிருக்கார்னு சொன்னீங்க?"

"இப்பத்தான் வந்தாரு."

"ஸ்டோர் ரூம் வழியாவா?"

நடிகைக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. தொகுப்பாளினிக்கே பாவமாகிவிட்டது, பேச்சை மாற்றினாள்.

"உங்க பேச்சுல ஒரு வரி வரும் மேடம். 'நான் வேலை செய்யாத அன்னைக்குத்தான் இந்த வீட்டுல நான் இருக்கிறதே தெரியுது'ன்னு. அதைக் கேட்டு அழாத பெண்களே இல்லை. அந்த வரி எப்படி வந்துச்சு?"

நடிகைக்கு உயிர் திரும்பியது. எந்த வசனமும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அவளுக்கு மனப்பாடம். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்பதுதான் தங்காது. எந்தப் படத்தில் வந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கணவன் பாலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மகள் தவிப்பதைப் பார்த்து அம்மா எடுத்துக்கொடுத்தாள்.

"ஏன்டி முழிக்கிற? போன வருஷம் மாப்பிள்ளை உன்கிட்ட சொல்லி அழுதாரே, அதுதானே?"