ரெண்டு மணிப் பால்

பால் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்த தனசேகர், பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டதும் அதை லுங்கி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான்.

"பாப்பா குடிச்சிச்சா மாமா?" என்று கேட்டாள் யமுனா.

"குடிச்சிச்சி. முழுசா."

கொட்டியது தாய்ப்பால். படுக்கப் போகும் முன் யமுனா பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்து, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்த பால். ரெண்டு மணிவாக்கில் குழந்தை அழும்போது தனசேகர் எழுந்து, சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. தனசேகர் எழுந்திருக்கவில்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. குழந்தை அவன் ஊரான நகரிக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. விடிந்து பார்த்தால் பாட்டிலில் பால் அப்படியே இருக்கும். தொட்டிலில் குழந்தை வாயைச் சப்பிக்கொண்டு கிடக்கும். அழுது அழுது ஓய்ந்து தூங்கியிருக்கிறது என்று நினைப்பான். யமுனா எழுவதற்குள் போய்ப் பாலைக் கொட்டிவிட்டு வருவான்.

இந்த வேலையைக் கேட்டு வாங்கியவனே அவன்தான். மூன்றாம் மாதம் வரை தாயும் பிள்ளையும் தாய்வீட்டில் இருப்பதுதான் வழக்கம். ஆனால் சித்தூரில் மாமியார் வீட்டில் குழந்தை ராத்திரி முழுக்க வீல் வீலென்று கத்தியது. யமுனாவுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. பார்க்கப்போன தனசேகருக்கு மனசு தாங்கவில்லை. மாமியார் சுலோச்சனாவின் எதிரே மார்தட்டி, ஊருக்கு அனுப்புங்க அத்த, ராத்திரிப் பாலு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டான்.

சுலோச்சனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரே ஒரு புகார் காதில் விழட்டும், அடுத்த பஸ்ஸில் வந்து பெண்ணையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் அஞ்சாம் மாசம் வரைக்கும் நகரி பக்கம் அனுப்பமாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

தனசேகரின் தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவன் தறிக்காரர் தெருவில் பிறந்தவன். சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய இரண்டு பவர்லூம்கள் விடிய விடியத் தடதடவென்று ஓடும். இப்போதெல்லாம் அந்தத் தெருவில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுவது அவன் ஒருவன்தான். அந்தத் தெருவாசிகளைச் சத்தம் எழுப்பாது. சத்தம் நின்றால்தான் எழுவார்கள். கரண்ட் போச்சா, நூல் அறுந்துச்சா என்று பதறியடித்துக்கொண்டு உட்கார்வார்கள். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஒரு கைப்பிள்ளையின் அழுகையெல்லாம் எந்த மூலைக்கு?

போனில் அலாரம் வைத்துப் பார்த்தான். காதில் விழவில்லை. வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தான். வீடே அதிர்ந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தால் யாருக்குத் தெரியும்? படுக்கும் முன் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரைக் குடித்தான். விடியற்காலையில் கொல்லைப்பக்கம் ஓடியதுதான் மிச்சம்.

கடைசியில், ராத்திரி தறி ஓட்டும், தாகம் எடுத்தால் ஷெட் கதவு வழியாக வீட்டுக்குள் வந்து தண்ணீர் மொண்டு குடிக்கும் ரமணாவிடம் போய் நின்றான். காரணத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொந்தப் பிள்ளை அழுவது கேட்கவில்லை என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"டேய், ரெண்டு மணிக்குத் தறிய நிறுத்துடா. பாப்பாவுக்குப் பாலு குடுத்துட்டு சொல்றேன், அப்புறம் ஓட்டு."

ரமணா எதுவும் கேட்காமல் தலையாட்டினான்.

அன்று ராத்திரி தறி நின்ற கணமே தனசேகர் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தொட்டிலில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அடப்பாவி, தினமும் இப்படித்தானே அழுதிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டான். அவசரமாகப் பாலைச் சூடாக்கி மடியில் போட்டுக் கொடுத்தான். யமுனா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகத் திரும்பிப் படுத்தாள். அவள் நிம்மதியைப் பார்க்க அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆனால் தறி நின்றால் தனசேகர் மட்டுமா எழுவான்? தெருவே எழுந்துவிட்டது. எதிர்வீட்டு கிருஷ்ணப்பா, தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதைக்கூடப் பார்க்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். லைன்மேன் வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள், கரண்ட் போகாத தெருவிலிருந்து இனி யாராவது கூப்பிட்டால் நிஜமாகவே ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தையும் பாலைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு எவ்வளவு நடந்தாலும் கத்தியது. தறிச் சத்தம் இல்லாத தெருவில் அந்தக் கத்தல் கோயில் மைக்கில் போட்டதுபோலக் கேட்டது. சீக்கிரமாக ஓட்டித் தொலை என்று ரமணாவை விரட்டினால், தறி நின்று கிளம்பிய இடத்தில் துணியின் குறுக்கே தடியாக ஒரு கோடு விழுந்தது. சேலைக்குச் சேலை ஒரு கோடு. திருப்பதி ஜவுளிக்கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டு, இது என்னப்பா புது டிசைன் என்று போனில் கேட்டார். தனசேகர் பழியை நூல் மேல் போட்டான்.

தூக்கம் கெட்டு நொந்துபோன கிருஷ்ணப்பா சித்தூருக்குப் போன் போட்டுவிட்டார். இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தவரே அவர்தான். உங்க பேத்தி ராத்திரியெல்லாம் பாலுக்குக் கத்துது, கேட்பாரில்லை என்று அவர் சொன்னதும், சுலோச்சனா காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் காலிப் பை.

வந்தவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குழந்தையின் துணிகளைக் கொடியிலிருந்து உருவி மடிக்க ஆரம்பித்தாள். வாசலில் கிருஷ்ணப்பாவும் இன்னும் சிலரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா, அவரு தினமும் எழுந்து பாலு குடுத்துக்கினுதான் இருக்காரு," என்றாள் யமுனா. "என் கண்ணால பாத்தேன்."

அவள் தனக்காகப் பரிந்து பேசியதைத் தனசேகரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான்.

"இல்ல யமுனா," என்றான். "மொத வாரம் நான் ஒரு நாளும் எழுந்துக்கல. பாப்பா அழுதது என் காதுலயே உழல."

"அப்போ நான் பிழிஞ்சு வெச்ச பாலு?"

"சாக்கடைல ஊத்தினேன்."

யமுனா அவனைப் பார்க்காமல், தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். தனசேகருக்கு உயிரே போய்விட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் கொட்டினான். அலாரம், தண்ணீர்ச் சொம்பு, கோடு விழுந்த சேலை, எதையும் விடவில்லை. தறி நின்றால் தனக்கு முழிப்பு வரும் என்பதால்தான் ரமணாவை நிறுத்தச் சொன்னேன், என் பொண்ணைப் பசியில் அழவிட்ட பாவி நான், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

ஷிப்ட் முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் துண்டால் தட்டிக்கொண்டே தறி ஷெட் கதவு வழியாக வந்த ரமணா, தறியை நிறுத்தச் சொன்ன காரணத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"நீ எழுந்துக்கறதுக்கா அண்ணா? தறி ஓடறப்ப தண்ணி மொள்ள வரப்பல்லாம் பாப்பா அசையாம தூங்கிக்கினு இருக்கும், பாலு குடுக்க அத எழுப்பத்தான் தறிய நிறுத்தச் சொல்றேன்னு இல்ல நான் நெனச்சேன்."