கறுப்புத் துணிக்குள் பதினொரு நிமிடம்

அந்தத் தெருவில் கணினிக்குக் கோளாறு வந்தால், கணினி படித்தவரை யாரும் தேடுவதில்லை. மாடியறைக் கறுப்புத்துணியாரைத்தான் தேடினார்கள். காலை எட்டு மணிக்கே படிக்கட்டு முழுக்க வரிசை. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு பூக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், பல் மருத்துவர். ஆம், பல் மருத்துவரும்தான்! பல்லைப் பிடுங்க ஏழு வருடம் படித்தவர், திரையில் இரண்டு வரி படிக்கச் சோம்பல்பட்டார்.

"மலிவு மென்பொருளுக்குக் கண்ணேறு சீக்கிரம் ஒட்டும்," என்பார் கறுப்புத்துணியார். தன்னையும் கணினியையும் ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொள்வார். உள்ளே முணுமுணுப்பு. பதினொரு நிமிடம் கழித்துத் துணி விலகும், கணினி குணமாகியிருக்கும். கூட்டம் வாய் பிளக்கும்.

தையற்கடைப் பெரியவரும் வரிசையில் நின்றார். சும்மா அல்ல, நிமிர்ந்து நின்றார். தாத்தா பெயரில் நடக்கும் கடை. மூன்று தலைமுறையாக ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. இசைக்குழு கேட்ட நாற்பது மேலங்கிகளில் ஒன்பது தைத்து அனுப்பினார். ஒன்பதும் கை நீளம் குறைவு என்று திரும்பின. அளவு குறித்துவைக்கும் மென்பொருள், அரை அங்குலங்களை மட்டும் காட்டாமல் விழுங்கியிருந்தது. குழுவோ வெளியூரில், மறுபடி அளக்க வழியில்லை. நாளைக்குள் அளவு சரியாகாவிட்டால் வேறு கடை என்று சொல்லிவிட்டார்கள். போகப்போவது வேலை மட்டுமல்ல, தாத்தாவின் பெயர்.

கறுப்புத்துணியாரிடம் முறை கிடைக்கவே பதினைந்து நாள் ஆகியிருந்தது. போனமுறை கணினி குணமானதற்காகப் பெரியவர் கைப்பட எழுதிக்கொடுத்த பாராட்டுக் கடிதம், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அறைச் சுவரிலேயே தொங்கியது.

கூட வந்த மருமகள் கேட்டாள்: "மாமா, 'திருத்தம் தயார்'னு திரையில கீழ ஒரு கட்டம் தினமும் வருதே, அதை ஏன் 'பிறகு'ன்னே அழுத்தறீங்க?"

"என் கடையில எனக்கே அது உத்தரவு போடுமா?"

"தையல் பிரிஞ்சா கொண்டாங்க, சும்மாவே சரிபண்ணித் தரேன்னு நீங்க சொல்றதில்லையா? மென்பொருள் பண்ணினவங்களும் அதைத்தான் சொல்றாங்க. கொண்டுபோகாம, கடைக்காரன் மேல கண்ணேறுன்னா எப்படி?"

பெரியவர் வரிசையில் ஒரு படி மேலே ஏறினார்.

முறை வந்தது. மருமகள் மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு, சுவரிலிருந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"ஐயோ, அதை ஏன்மா அணைக்கிறே?" என்று பதறினார் கறுப்புத்துணியார்.

"உங்க சக்திக்கு வைஃபை எதுக்குங்க? உங்க கைப்பேசியும் வெளியிலயே இருக்கட்டும்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் துணிக்குள் போனார். பதினொரு நிமிடம். இருபது. முணுமுணுப்பு பெருமூச்சானது. வெளியே வந்த முகம் நனைந்திருந்தது. கணினி அப்படியே இருந்தது.

"இன்னிக்கு அலைவரிசை சரியில்லை."

"இதோ, சரியாயிடும்!" மருமகள் சுவிட்சைப் போட்டாள். துணியில்லாமல், எல்லார் கண்முன்னும், கட்டத்தைத் திறந்து உரக்கப் படித்தாள்: "அரை அங்குலம் விடுபடும் பிழை நீக்கப்பட்டுள்ளது." கீழே தேதி. பதினாறு நாள் பழையது. 'இப்போது' என்பதை அழுத்தினாள். பதினோராவது நிமிடம், விழுங்கப்பட்ட அரை அங்குலங்கள் எல்லாம் அசட்டுச் சிரிப்போடு வரிசையில் வந்து நின்றன.

"அட, எனக்கும் அந்தக் கட்டம் வருதுங்க," என்றார் பல் மருத்துவர், மெதுவாக.

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது கறுப்புத்துணியார் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார். அவசரத்தில் துணியை மறந்துவிட்டார்.

"அந்தத் துணியை யாரும் எடுக்கலேன்னா நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் பூக்கடைக்காரர்.

பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். தன் கடிதத்தைச் சுவரிலிருந்து தானே கழற்றினார். நாலாக மடித்துப் பையில் வைத்தார். மூன்று தலைமுறையில் கடையிலிருந்து போய்த் திரும்பி வந்த பத்தாவது சரக்கு அது. அதிலும் தையல் அவருடையதுதான்.

"துணிக்குள்ள இருந்தது ஒரே ஒரு பட்டன். எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அதைச் சொல்ல வெட்கப்படலே," என்றார் கூட்டத்திடம். "படிக்கத் தெரிஞ்சும் படிக்காதவன் தலையிலதான்யா அடுத்தவன் துணி போடுவான்!"